வெளிக்கிடுதல்

மைனஸ் இருபதில் உறைந்து கிடக்கிறது மருந்து,
சுண்டுவிரல் நகமளவு குப்பியில்.
எங்கோ மண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர்
அயலாரைத் தீர்த்துக்கட்டச் சமைத்தது.
பெயர் தூனிக்காமைசின்.
மனிதர் எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.
இங்கே மதுவத்துக்கு மட்டும்
மில்லிலீற்றருக்கு இரண்டு மைக்குரோகிராம்.

என்னவர் சீனக்குடா மாவாலையில் வேலை.
கப்பல் கோதுமை அவர் புருவத்தில் வெளுத்து
ஆறரை பஸ்ஸில் வீடு வரும்.
"உம்மட மதுவம் பாணைப் பொங்கவைக்குமோ?"
கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.
என்னுடைய மதுவம் பாண் கண்டதில்லை.
நிலாவெளி வீதி ஆய்வுகூடத்தில்
குடுவைக்குள் ஆடிக்கொண்டே பெருகும்,
கலங்கிய கஞ்சித் தண்ணியாய்.

அதன் கலத்துக்குள் ஒரு வலை.
அகமுதலுருச் சிறுவலை என்று
பத்து மார்க்குக்குப் பாடமாக்கினோம் ஒருகாலம்.
புரதம் நூலாய் அதற்குள் நுழைகையிலேயே
பதினான்கு சீனியைக் கொத்தாய் எடுத்து
அதன் தோளில் சூட்டும் ஏதோ ஒரு கை.
அந்தக் கொத்தின் பாரத்தில்தான்
மடிய வேண்டிய இடத்தில் மடியும்,
வாசல் தாண்டும் தகுதி பெறும்.

மருந்து பெரிதாய் ஒன்றும் செய்வதில்லை.
முதலாவது சீனியைக் கோக்க விடாது,
அவ்வளவுதான்.
பிறகு மிச்சம் பதின்மூன்றும்
எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

நான் தேடுவது இன்வேட்டேஸ்.
வெளியே போய்ச் சீனியைப் பிளப்பது அதன் தொழில்.
போகும்போதோ
உடம்பெல்லாம் சீனியை உடுத்திக்கொண்டுதான் போகிறது.
கிண்ணியா ருஸ்னா, இறுதியாண்டு,
முக்காட்டு ஊசியைப் பல்லில் கடித்தபடி சொன்னாள்:
"மிஸ், வெளிக்கிட்டாத்தானே வெளிய போகலாம்."

சட்டென்று நின்றுவிட்டேன், கையில் பிப்பெற்றுடன்.
உடுத்துவதும் புறப்படுவதும்
எங்கள் வாயில் ஒரே சொல்.
இத்தனை வருடம் பேசியும்
எனக்குக் கேட்டதில்லை.

ஆனாலும் இருபத்தைந்து பாகையில்
கொஞ்சம் நழுவத்தான் செய்கிறது.
உடுப்பில்லாமலே சிலது வெளியேறி,
வெளித்திரவத்தில் மங்கலாய் ஒரு சிவப்பு.
போன கிழமையும் அப்படி. அதற்கு முந்தியும்.

இன்று பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை என்றார்கள்.
ஆட்டும் பெட்டி ஆட்டம் நின்றது.
கச்சான் காற்று யன்னல் கம்பியில் மணலை உரைக்க
வெப்பமானியில் இரசம் ஏறியது:
முப்பத்திரண்டு, முப்பத்தைந்து,
கடைசியாய்ப் பார்க்கும்போது முப்பத்தாறரை.
ருஸ்னா கொப்பி மட்டையால் குடுவைக்கு விசிறினாள்.
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போல.

மூன்று இருபதுக்கு மின்விசிறி முனகியது.
வெளித்திரவம் வெறும் தண்ணீராய்.
ஒரு துளி சிவப்பில்லை.
கலத்தை உடைத்துப் பார்த்தோம்:
அத்தனையும் உள்ளே,
தாறுமாறாய் மடிந்து
ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி.

பெரியவர் டொக்டர் சிவநேசராசா
வாசலில் நின்றே சொல்லிவிட்டார்,
"கரண்ட் போன நாளைக் கணக்கில் எடாதேங்கோ."
சரி சேர் என்றேன்.
என்றாலும் ஜெல்லில் ஏற்றினேன்.
சீனியற்றது இலேசு.
அங்கே எல்லாவற்றையும் முந்திக்கொண்டு
அடிவரை ஓடியது அதுதான்,
கலத்துக்குள் ஒரு வாசலையும் தாண்டாதது.

குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மின்வெட்டு, அறை 36.5, வெளியே எதுவும் இல்லை.
எழுதியதன் கீழ் ஒரு கோடு.
இன்னொரு கோடு.
அடுத்த கிழமை வேண்டுமென்றே சூடாக்கிப் பார்க்கலாம்,
மருந்து போட்டதில் பாதி, போடாததில் பாதி.
சூடு மட்டும் குற்றவாளியா என்பதும் தெரிய வேணும்.

கைப்பேசி அதிர்ந்தது.
"வெளிக்கிட்டாச்சோ?"
பின்னால் மாவாலைச் சங்கு.
வெள்ளை அங்கியின் பொத்தானில்
என் கை நின்றது.
"இல்லையப்பா,
இப்பதான் கரண்ட் வந்தது."